கவுண்டரில் கேட்ட சொற்கள்

எங்கள் கடைக்கு இத்தனை வருடத்தில் யாரும் “சேவைகள்” கேட்டு வந்ததில்லை. “திட்டங்கள்” கேட்டும் வந்ததில்லை. “பட்டாவுல பேர் மாத்தணும்”, “ஈசி போடணும்”, “ரேஷன் கார்டுல மருமக பேரச் சேக்கணும்”, “பையனுக்குக் காலேஜ்ல ஜாதி சர்டிபிகேட் கேக்குறாங்க” என்றுதான் வருகிறார்கள். அவர்களுக்காக நான் திறக்கிற இணையதளங்களின் மேல்வரியிலோ முகப்பு, எங்களைப் பற்றி, சேவைகள், திட்டங்கள், மற்றவை என்றிருக்கும். வந்தவர் வாயில் இருக்கும் சொல்லுக்கும் அந்த மேல்வரிக்கும் நடுவில்தான் என் பிழைப்பு நடக்கிறது. மக்களுக்காக அந்தத் தளங்களுக்குள் வழி தேடுவது பாதி வேலை. சின்னச் சின்ன நிறுவனங்களின் தளங்களுக்கு மெனுவில் என்ன சொல் போடலாம் என்று எழுதிக் கொடுப்பது மீதி.

கடை பெரிய முதலியார்சாவடியில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி இருக்கிறது. தெற்கே கோட்டக்குப்பம், அதைத் தாண்டினால் புதுச்சேரி. வடக்கே பொம்மையார்பாளையம், பிறகு மறுபடியும் புதுச்சேரிக்குச் சொந்தமான காலாப்பட்டு, அதற்குமேல் திரும்பத் தமிழ்நாடு, மரக்காணம் உப்பளம். மேற்கே ஆரோவில். ஒரே குடும்பத்தில் அண்ணனின் மனை தமிழ்நாட்டிலும் தம்பியின் மனை புதுச்சேரியிலும் இருக்கும். தமிழ்நாட்டு நிலப் பதிவேட்டு மென்பொருளுக்குத் தமிழ்நிலம் என்று பெயர். புதுச்சேரியில் அதற்கு நிலமகள் என்று பெயர். இரண்டும் அழகான பெயர்கள். வருகிறவருக்குத் தெரிந்தது பட்டா ஒன்றுதான். எந்தத் தளமானாலும் அந்தச் சொல்லைத்தான் அவர் கண் தேடும். அது கண்ணில் பட்டுவிட்டால் மீதியை அவரே பார்த்துக்கொள்வார்.

நான் தொழிலுக்கு வந்தது கோட்டக்குப்பத்தில் ஒரு டிடிபி கடை வழியாக. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, பள்ளிவாசல் நோட்டீஸ் எல்லாம் அங்கே அடித்தோம். பாமினி, ஸ்ரீலிபி என்று ஆளுக்கொரு எழுத்துரு இருந்த காலம். ஒரு கணினியில் அடித்த தமிழ் இன்னொன்றில் குப்பையாகத் தெரியும். தமிழ்த் தளங்களைத் திறந்தால் முதலில் எழுத்துருவை இறக்கிக்கொள்ளச் சொல்லும். இறக்கிக்கொள்ளாதவருக்கு மெனுவே தெரியாமல் போய்விடுமே என்று, மெனுச் சொற்களை மட்டும் படமாக வரைந்து ஒட்டுவார்கள். அந்தப் படங்களை நாங்களும் செய்து கொடுத்திருக்கிறோம். இத்தனை அகலம், இத்தனை உயரம் என்று அளவு வரும். அதற்குள் அடங்குகிற சொல்லைப் போட வேண்டும். படிக்கிறவருக்குப் புரியுமா என்ற கேள்வியைக் கேட்க அங்கே யாரும் இல்லை. படத்தின் அகலம்தான் சொல்லைத் தீர்மானித்தது.

1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. தமிழ்99 விசைப்பலகை அங்கிருந்து வந்தது. அடுத்து விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு வந்தது, ஒருங்குறி மெல்ல மெல்லப் பரவியது, 2010-ல் தமிழ்நாடு அரசும் ஒருங்குறியைத் தன் தரமாக ஏற்றது. படங்கள் போய் உண்மையான எழுத்து மெனுவுக்கு வந்தது. இனி ஒரு சொல்லை மாற்ற ஒரு நிமிடம் போதும் என்று நான் சந்தோஷப்பட்டேன். நடந்தது வேறு. படத்தில் என்ன சொல் இருந்ததோ அதையே எல்லோரும் தட்டச்சு செய்து வைத்தார்கள். அகலத்துக்காகப் பிறந்த சொற்கள் அகலம் தடையில்லாத காலத்திலும் அப்படியே நின்றன. இன்றும் பல தளங்களில் “தகவல்”, “விவரம்”, “சேவை” என்று மொட்டையாக நிற்கும் சொற்களைப் பார்க்கும்போது, அந்தப் பழைய பட்டன்களின் அளவு எனக்கு நினைவுக்கு வருகிறது.

அந்த நாட்களில் எனக்குக் கண் திறந்தது புதுச்சேரியில்தான். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் வில்லியனூரை மையமாக வைத்துக் கிராமங்களில் தகவல் மையங்கள் தொடங்கியது. எம்பலத்தில் கோயில் வளாகத்தில் ஒரு மையம் இருந்தது. மீனவர் ஊரான வீராம்பட்டினத்திலும் ஒன்று இருந்தது. கணினி முன்னால் உட்கார்ந்தவர்களில் பலர் அந்தந்த ஊர்ப் பெண்கள். அமெரிக்கக் கடற்படையின் தளத்தில் வங்காள விரிகுடாவின் அலை உயரக் கணிப்பு வரும். அதை எடுத்து, தமிழில் மாற்றி, வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். கடலுக்குப் போகிறவர் அந்தத் தளத்தைப் பார்க்கவே வேண்டியதில்லை. அவருக்கு வேண்டியது நாளைக்குக் கடல் எப்படி இருக்கும், நீவாடு என்கிற நீரோட்டம் எப்படி, போகலாமா கூடாதா என்பது. மையம் தொடங்குவதற்கு முன்பே ஊரில் உட்கார்ந்து என்ன தெரிய வேண்டும் என்று கேட்டுக்கொண்டதால்தான் அந்த வேலை நிலைத்து நின்றது. 2001-ல் ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருது அதற்குக் கிடைத்தது. சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 காலையில் நல்லவாடு மக்கள் கரையைவிட்டு ஓடித் தப்பியது அங்கிருந்த மையத்தின் ஒலிபெருக்கி கொடுத்த எச்சரிக்கையால். அன்றைக்கு எங்கள் கரையில் ஒலிபெருக்கி எதுவும் இல்லை.

அங்கிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு பழக்கம். வாடிக்கையாளர் கவுண்டருக்கு வந்ததும் சொல்கிற முதல் வாக்கியத்தை, நான் ஒரு கேள்வியும் கேட்பதற்கு முன், அப்படியே நோட்டில் எழுதிக்கொள்வேன். கேள்வி கேட்ட பிறகு அவர் சொல்வது என் சொல் கலந்த வாக்கியம். முதல் வாக்கியம் மட்டும்தான் அவருடையது. பிரவுசிங் சென்டராக இருந்த காலத்திலிருந்து இ-சேவை காலம் வரை அந்த நோட்டுகள் சேர்ந்திருக்கின்றன. மெனு எழுதக் கேட்டு யார் வந்தாலும் முதலில் அவற்றைத்தான் எடுத்து வைப்பேன்.

நோட்டைப் புரட்டினால் முதலில் தெரிவது, மக்கள் திட்டத்தைப் பெயரால் அறிவதில்லை என்பது. தொகையால் அறிகிறார்கள், பொருளால் அறிகிறார்கள். பி.எம். கிசான் திட்டத்தில் வருடத்துக்கு 6000 ரூபாய், மூன்று தவணையாக வருகிறது. இங்கே அதன் பெயர் “ரெண்டாயிரம் ரூபா”. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருந்த திருமண உதவித் திட்டத்தை எல்லோரும் “தாலிக்குத் தங்கம்” என்றார்கள். 2022-ல் அது கல்லூரி மாணவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமாக மாறியபோது, வந்த பெண்கள் “காலேஜ் ஆயிரம்” என்று கேட்டார்கள். முதியோர் ஓய்வூதியம் “ஓஏபி”. எழுத்தறியாத பாட்டிகூட அந்த மூன்று எழுத்தைத் தெளிவாகச் சொல்வார். மகப்பேறு உதவிக்கு முத்துலட்சுமி ரெட்டி பெயர். கேட்டு வருவது “பிரசவப் பணம்”. மகத்தான அந்த இரண்டு பெண்களின் பெயரும் பக்கத்தின் தலைப்பில் இருக்கட்டும், இருக்க வேண்டும். அந்தப் பக்கத்துக்கு அழைத்துப் போகிற சொல் வேறாக இருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

இதில் தூய தமிழா ஆங்கிலமா என்ற சண்டைக்கு இடமே இல்லை. வில்லங்கச் சான்று என்றாலும் ஈசி என்றாலும் இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். கர்ப்பிணிகளுக்குப் “பிக்மி நம்பர்” தெரியும்; அதற்குத் தமிழ்ப் பெயர் வைத்தால் ஆஸ்பத்திரிச் சீட்டில் இருக்கிற எண்தான் அது என்று தெரியாமல் போகும். வாரிசுச் சான்று, பட்டா, அடங்கல், முகப்பு ஆகியவற்றுக்கு ஆங்கிலம் போட்டால்தான் குழப்பம். ஒரு சொல் எந்த ஊரைச் சேர்ந்தது என்று பார்ப்பதைவிட, அதைச் சொன்னதும் ஆள் தலையாட்டுகிறாரா என்று பார்த்தால் போதும்.

புதுச் சொல்லே கூடாது என்றும் நான் சொல்லமாட்டேன். 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் பயனர்கள் கூடிப் பேசும் பக்கத்துக்கு ஆலமரத்தடி என்று பெயர் வைத்தார்கள். இணையம் என்றால் என்னவென்று தெரியாதவருக்கும் அங்கே என்ன நடக்கும் என்று தெரியும். அந்தப் பெயரை முதலில் பார்த்த அன்று எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சமல்ல. அதே காலத்தில் உள்நுழை, புகுபதிகை, நுழைவு, லாகின் என்று ஒரே செயலுக்குப் பல பெயர்கள் ஓடின. ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லலாம். எதையும் நான் குறைசொல்லவில்லை. ஆனால் ஒரே தளத்தில், மேலே ஒன்று, பொத்தானில் ஒன்று, பிழைச் செய்தியில் இன்னொன்று என்று இருந்தால், அவை மூன்று வெவ்வேறு காரியங்கள் என்றுதான் மனம் எடுத்துக்கொள்ளும். அப்படி ஒரு தளத்தில் மூன்று முறை கணக்குத் திறந்தவரைப் பார்த்திருக்கிறேன். புதுச் சொல்லை மக்கள் கற்றுக்கொள்வார்கள். நாளுக்கொரு சொல்லைக் கற்றுக்கொள்ளச் சொல்ல முடியாது.

மரியாதை என்பது தமிழ் மெனுவுக்கே உரிய சிக்கல். உள்நுழை, சமர்ப்பி, தேடு, அழுத்து எல்லாமே ஒருமை ஏவல். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எங்கள் திரையைப் பார்த்து, “இது யாரை வாடா போடாங்குது?” என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்கவில்லை, உண்மையாகவே வருத்தப்பட்டார். உள்நுழையவும், சமர்ப்பிக்கவும் என்று எழுதினால் மரியாதை வரும், நீளமும் வரும். நான் வந்து நின்ற இடம் “செய்ய” என்பதுபோல அகரத்தில் முடிகிற வினை. விண்ணப்பிக்க, நிலை அறிய, பணம் கட்ட, பெயர் சேர்க்க. இதில் நீயும் இல்லை, நீங்களும் இல்லை. பாட்டிக்கும் பேரனுக்கும் பொருந்தும். வந்தவர் எதற்காக வந்தாரோ அந்தக் காரியமும் அதிலேயே இருக்கிறது. ரேஷன் அட்டைக்கான பொது விநியோகத் தளத்தில் உறுப்பினர் சேர்க்க, முகவரி மாற்றம் செய்ய, குடும்ப உறுப்பினர் நீக்க என்று வைத்திருக்கிறார்கள். “மருமக பேரச் சேக்கணும்” என்று வருகிறவர் அந்த வரிசையில் விரல் வைத்துக் காட்டிவிடுவார். நான் சொல்லித் தர வேண்டியதே இருக்காது. அதே இடத்தில் “குடும்ப அட்டை மேலாண்மை” என்று இருந்திருந்தால் அந்த விரல் எங்கே போகும்?

தமிழ்ச் சொல்லின் அகலம் இன்னும் தீராத தலைவலிதான். வடிவமைப்பவர் ஆங்கிலத்தில் கட்டம் போட்டுவிட்டு, கடைசியில் தமிழை ஊற்றச் சொல்வார். கைபேசித் திரையில் சொல் பாதியில் வெட்டுப்படும். ஒரு துறையின் தளத்தில் அடுத்தடுத்த இரண்டு பொத்தான்கள், இரண்டிலும் “விண்ணப்ப நி…” என்று மட்டும் தெரிந்தது. ஒன்று விண்ணப்ப நிலை, மற்றொன்று விண்ணப்ப நிராகரிப்பு. இதற்கு எழுத்தைச் சிறிதாக்குவது தீர்வல்ல. வயதானவர்கள் படிக்க முடியாது. வேறுபடுகிற சொல்லை முன்னால் கொண்டுவர வேண்டும். “நிலை அறிய”, “நிராகரித்த காரணம்” என்று எழுதினால் வெட்டுப்பட்டாலும் எது எதுவென்று தெரியும். பத்து வரியும் “குடும்ப அட்டை…” என்று தொடங்குகிற பட்டியலைப் பார்த்தால், அந்த இரண்டு சொல்லையும் தலைப்பில் ஒரே முறை போட்டுவிட்டு வரிகளிலிருந்து எடுத்துவிடச் சொல்வேன். கண் வரியின் முதல் சொல்லைத்தான் பிடிக்கும்.

கடலோரக் கிராமங்களில் வேலை செய்யும் ஒரு தொண்டு நிறுவனம், அரசிடமிருந்து என்னென்ன பெறலாம், எங்கே போக வேண்டும் என்று சொல்லும் வழிகாட்டித் தளம் ஒன்றுக்கு மெனு எழுதித் தரக் கேட்டது. அவர்கள் வைத்திருந்த வரிசை துறைவாரியாக இருந்தது: வருவாய், சுகாதாரம், உணவு வழங்கல், மீன்வளம், சமூக நலம். நான் ஒவ்வொரு காரியத்தையும் தனித்தனித் துண்டுச்சீட்டில் எழுதி எடுத்துக்கொண்டு போய், மீன் விற்கிற பெண்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், ஆரோவிலுக்கு வேலைக்குப் போகிறவர்கள் என்று பலரிடம் கொடுத்து, எதெது ஒன்றாக இருக்கணும்னு நினைக்கிறீங்களோ அப்படி அடுக்குங்க என்றேன். படிக்கத் தெரியாதவருக்கு நானே படித்துச் சொன்னேன்.

மீன் விற்கிற அம்மா ஒருவர் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பட்டா பெயர் மாற்றம், ரேஷன் கார்டில் பெயர் எடுப்பது, விதவை உதவித்தொகை ஆகிய ஐந்தையும் ஒரே அடுக்காக வைத்தார். “இதெல்லாம் ஒண்ணுதானம்மா. எங்க வூட்டுக்காரரு போனப்ப இதுக்கெல்லாம்தான் அலைஞ்சேன்” என்றார். அவரைப் போலவே இன்னும் பலரும் அடுக்கினார்கள். துறைக் கணக்கில் அந்த ஐந்தும் ஒரே இடத்தில் இல்லை. இறப்பைப் பதிவது இடத்தைப் பொறுத்து வேறுவேறு அலுவலகம். 1969-ஆம் வருடச் சட்டப்படி 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. வாரிசுச் சான்று தாசில்தாரிடம். ரேஷன் கார்டு உணவு வழங்கல். நிலத்தில் பெயர் மாற்ற வாரிசுச் சான்று வேண்டும், வாரிசுச் சான்றுக்கு இறப்புச் சான்று வேண்டும். வரிசை தெரியாமல் முதலில் பட்டாவுக்குப் போய், திருப்பி அனுப்பப்பட்டு, அங்கிருந்து வேறொரு அலுவலகம், திரும்பவும் வேறொன்று என்று மாதக்கணக்கில் அலைகிறார்கள். துக்க வீட்டில், பெரும்பாலும் தனியாகிப்போன ஒரு பெண்தான் அப்படி அலைகிறார். மெனுவில் ஒரு சொல் சரியாக இருந்தால் அந்த அலைச்சலில் பாதி குறையும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதனால் அந்த ஐந்துக்கும் ஒரே தலைப்பு வைக்கலாம் என்றேன். நிறுவனத்தில் சிலருக்குச் சங்கடம். மெனுவின் முதல் பக்கத்திலேயே சாவைப் பற்றிப் போடுவதா, அபசகுனமாகப் படாதா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். “மறைவுக்குப் பின்”, “இறந்த பிறகு செய்ய வேண்டியவை”, “குடும்பத்தில் ஒருவர் இறந்துவிட்டால்” என்று மூன்றை எழுதிக்கொண்டு மறுபடி அதே பெண்களிடம் போனேன். முதலாவது அவர்களுக்குக் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியை நினைவுபடுத்தியது. இரண்டாவதைக் காரியம், கருமாதி என்று எடுத்துக்கொண்டார்கள். மூன்றாவதைக் கேட்டதும் “ஆமா, அதுக்குத்தான் சர்டிபிகேட்டு எல்லாம்” என்றார்கள். மூன்றாவதுதான் தளத்தில் இருக்கிறது. அதற்குள்ளே ஐந்து காரியங்களும் செய்ய வேண்டிய வரிசையிலேயே இருக்கின்றன.

பிறகு ஒரு பயிற்சியில்தான் தெரிந்துகொண்டேன், பிரிட்டிஷ் அரசு 2012-ல் தன் துறைத் தளங்களை ஒரே தளமாக இணைக்கத் தொடங்கியபோது இப்படித்தான் மக்களின் தேவையிலிருந்து ஆரம்பித்தார்கள் என்று. வீட்டில் ஒருவர் இறந்தால் என்ன செய்வது என்பதற்கு அங்கேயும் படிப்படியாகச் சொல்லும் பக்கம் இருக்கிறது. அதற்கும் முன்னால், 1990-களில், அமெரிக்காவில் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் பீட்டர் பிரோலியும் ஸ்டூவர்ட் கார்டும், இரை தேடும் மிருகம் மோப்பம் பிடித்துப் போவதுபோல மனிதர் சொற்களை மோப்பம் பிடித்துப் போகிறார் என்று எழுதினார்கள். மோப்பம் பலமாக இருக்கும்வரை எத்தனை சொடுக்கானாலும் உள்ளே போவார், நின்றதும் திரும்பிவிடுவார். எங்கள் கவுண்டரில் தினமும் பார்ப்பதுதான் அது. எல்லாம் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிற அதிகாரிகளிடம் நான் இதைத்தான் சொல்வேன். மூன்று படி உள்ளே போவது மக்களுக்குக் கஷ்டமில்லை. ஒவ்வொரு படியிலும் இது என் வழிதான் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

மோப்பம் அடியோடு நின்றுபோகும் இடம் “மற்றவை”, “இதர”. மரக்காணம் பக்கத்திலிருந்து வந்த உப்பளத் தொழிலாளி ஒருவர், மழைக்காலத்தில் பாத்தியில் தண்ணீர் நின்று வேலை ஓடாத மாதங்களுக்காக அரசு அறிவித்த 5000 ரூபாய்க்குத் தன் பெயர் இருக்கிறதா என்று பார்க்கக் கேட்டார். தேடத் தேட உப்பு என்ற எழுத்தே கண்ணில் படவில்லை. கடைசியில் ஒரு தளத்தில் நலத்திட்டங்கள், அதற்குள் இதர, அதற்குள் ஒரு அரசாணைக் கோப்பாக இருந்தது. சுடுவெயிலில் உப்பு வாருகிறவருக்கு அரசு நல்ல மனதோடு கொடுக்கிற பணம், இதர என்ற சொல்லுக்குள் ஒளிந்திருந்தது. நான் எழுதிக் கொடுக்கும் மெனு எதிலும் அந்தச் சொல்லை வைப்பதில்லை. ஒரு காரியத்துக்கு இடம் கிடைக்கவில்லை என்றால் அடுக்கு தப்பு என்று அர்த்தம். அடுக்கைக் கலைத்துத் திரும்ப அடுக்குவேன்.

ஒரு மெனு சரியா என்று நான் பார்க்கும் முறை எளிமையானது, காசும் செலவில்லை. தளத்தைக் காட்டவே மாட்டேன். அறிமுகமில்லாத ஒருவருக்கு போன் போட்டு, “அண்ணே, உங்களுக்கு வருமானச் சான்று வேணும்னு வச்சுக்குங்க. நான் சொல்ற ஆறு சொல்லுல எதுக்குள்ள போவீங்க?” என்று கேட்டு மெனுவைப் படிப்பேன். அவர் யோசிக்காமல் சொன்னால் சொல் நல்ல சொல். “இன்னொரு தடவை சொல்லு” என்றால் ஏதோ இடிக்கிறது. தப்பான கதவைச் சொன்னால் ஏன் என்று கேட்பேன். அந்தக் காரணத்துக்குள்தான் பெரும்பாலும் சரியான சொல்லும் இருக்கும். பாதிப் பேர் மெனுவைத் தாங்களே படிப்பதில்லை, பக்கத்தில் இருக்கிற பிள்ளை படித்துச் சொல்லக் கேட்கிறார்கள். அதனால் காதுக்குப் புரியாத சொல் கண்ணுக்குப் புரிந்தும் பிரயோஜனமில்லை.

கடந்த சில வருடங்களில் மாறியவை இரண்டு. ஒன்று, மொழிபெயர்ப்பை இயந்திரத்திடம் விடுகிறார்கள். ஆங்கிலத்தில் மனுவுக்கும் செயலிக்கும் ஒரே சொல் ஓடுகிறது. இயந்திரம் இரண்டுக்கும் விண்ணப்பம் என்று போட்டுவிடுகிறது. “விண்ணப்பத்தைப் பதிவிறக்கவும்” என்பதை நம்பித் தாள் வருமென்று காத்திருப்பவரின் கைபேசியில் செயலி வந்து உட்காருகிறது. இயந்திரம் வேலையை மிச்சப்படுத்துகிறது, மறுக்கவில்லை. அது போட்ட சொல்லை ஒரு தடவையாவது மனுப் போடுகிற ஒருவரிடம் படித்துக் காட்டிவிட்டு ஏற்றுங்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாவது, மக்கள் முகப்பு வழியாக வருவதே குறைந்துவிட்டது. கைபேசியை வாயருகே வைத்து “பட்டா பேர் மாத்துறது எப்படி” என்று பேசுகிறார்கள். அந்தச் சொற்கள் எந்தப் பக்கத்தில் இருக்கின்றனவோ அந்தப் பக்கம் வருகிறது. அதிகாரபூர்வத் தளத்தில் “பட்டா மாறுதல்” என்று மட்டும் இருந்து, ஏஜென்ட் ஒருவரின் தளத்தில் “பட்டா பெயர் மாற்றுவது எப்படி” என்று இருந்தால், முதலில் வருவது ஏஜென்ட்தான். 60 ரூபாய்க் கட்டணத்தில் முடிகிற சான்றுக்குப் பல மடங்கு கொடுத்துவிட்டு எங்களிடம் வந்து வருத்தப்பட்டவர்கள் இருக்கிறார்கள். தளத்துக்குள் வந்துவிட்டாலும் மெனு மூன்று கோடு போட்ட ஒரு குறிக்குள் மறைந்திருக்கிறது. அது என்னவென்று தெரியாதவர்கள் இந்தக் கரையில் நிறையப் பேர். கோட்டுக்குப் பக்கத்தில் “மெனு” என்று எழுதிவிட்டால் போதும். அந்த இரண்டு எழுத்துக்கு இடமில்லாத திரை எதையும் நான் இதுவரை பார்க்கவில்லை.

கடையில் வேலைக்குச் சேரும் பிள்ளைகளை முதலில் கணினி முன் உட்கார வைப்பதில்லை. நோட்டோடு கவுண்டரில் உட்கார வைக்கிறேன். வருகிறவர் சொல்வதைத் திருத்தாமல் எழுத வேண்டும். பட்டப்படிப்பு முடித்த பிள்ளைகளுக்கு இது எளிதாக வருவதில்லை. வீட்டு வரி என்று ஒருவர் சொன்னால் கை தானாகச் சொத்து வரி என்று எழுதும். வரியைப் பற்றித்தான் இப்போது ஒரு வேலை போய்க்கொண்டிருக்கிறது. கோட்டக்குப்பம் 2021-ல் நகராட்சியானது. சுற்றியிருக்கும் கிராமங்கள் ஊராட்சிகள். ஊராட்சியில் வீட்டு வரி, நகராட்சியில் சொத்து வரி, கட்டுவதற்கு வேறுவேறு தளங்கள். நகரத்துக்குள் வந்துவிட்டவரும் வீட்டு வரி என்றுதான் கேட்கிறார். நான் எழுதித் தரும் வழிகாட்டிப் பக்கத்துக்கு “வீட்டு வரி கட்ட” என்று தலைப்பு வைத்து, கீழே உங்கள் வீடு ஊராட்சியிலா நகராட்சியிலா என்று ஒரே ஒரு கேள்வி போட்டிருக்கிறேன். சட்டத்தில் இருக்கிற சொல்லையே தலைப்பாகப் போடச் சொல்லி ஆட்சேபம் வந்திருக்கிறது. கவுண்டரில் எழுதிய நோட்டுகளில் வரி சம்பந்தமான பக்கங்களைப் பிள்ளைகள் நகல் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த கூட்டத்துக்கு அவற்றோடு போகிறேன்.